சாம்ராஜ் பார்த்த பலகைகள்

மழைக்காலத்தில் வெள்ளை பெயிண்ட் லேசில் காயாது. அதனால்தான் பலகையை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவனை ஏமாற்றுவது சுலபம்.

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் கேட்டுக்கும் தூணுக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிப்பவன் நான். கோடுகளை நெருக்கி நடுவில் கொஞ்சம் வளைத்தால், சும்மா நிற்கிற பலகை அலையடிக்கும். அறுபத்தெட்டாம் வருஷம் அது பிடிபட்டது. அப்புறம் பூ, சாமி, ஆள் முகம் எதையும் நான் வரையவில்லை. பெங்களூரில் கண்காட்சி வைத்தார்கள். பிரமாதம் என்றார்கள். நான் நம்பவில்லை. ஓசிக் காப்பி குடித்தவன் வேறென்ன சொல்வான்?

பொய் சொல்லாதவன் என் மைத்துனன் சாம்ராஜ் ஒருவன்தான். அவனுக்கு வலிப்பு. சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜில் ஏறக் கூடாதென்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் வீட்டில்தான் இருந்தான். முதல் பலகையை முறைத்துப் பார்த்து, “இன்னா மாமா, செவுரு ஓடுது” என்றான். விழுந்தான். அந்தப் பலகைதான் முதலில் விற்றது.

அதிலிருந்து ஒவ்வொன்றையும் அவன் எதிரே வைத்தேன். விழாவிட்டால் இன்னும் நெருக்கிப் போட்டேன். விழுந்தால் தலைக்குத் தலையணை வைப்பதும் நான்தான்.

போன வருஷம் என் மனைவி வின்னி பலகைகளைச் சேலை போட்டு மூடிவிட்டாள். வலிப்பும் நின்றது. இப்படியே இருந்தால் மறுபடி ஷிப்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எந்தம்பி பொழச்சிப் போவட்டும், வுட்டுடுங்க” என்றாள்.

“நான் இன்னா கையப் புடிச்சா இழுத்துக்கினு இருக்கேன்?”

அவன் வேலைக்குப் போய்விட்டால் என் பலகைக்கு யார் சாட்சி?

அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புதுப் பலகையை எதிரே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டான்.

“வேணாம் மாமா. திங்கக்கெழம டாக்டரு பாக்கணும்.”

“ஒரே ஒரு தபா பாருடா. உள்ள போவுதா, வெளிய வருதா, அத்தச் சொல்லு.”

பெரியவன் பேச்சைத் தட்டாதவன். பார்த்தான்.

வாயில் சோறு இருந்தது. நான் தலையணை எடுக்கப் போகவில்லை. அவன் துடிப்பும் கோட்டின் ஓட்டமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாகத்தான் வந்தது. வின்னி தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது மூச்சு அடங்கியிருந்தது.

நீங்கள் முதலில் கேட்டபோது நான் கை வைக்கவில்லை என்று சொன்னேன். அது நிஜம். கொன்றது நான்தான் என்றும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் நிஜம். ஆனால் அந்தப் பலகையை உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் சாய்த்துவைத்திருக்கிறீர்கள். காலையிலிருந்து எத்தனை பேர் போய் வருகிறார்கள், ஒருத்தருக்கும் தலைகூடச் சுற்றவில்லை. அங்கே வெளிச்சம் போதாது. கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லுங்கள்.