இடது விளக்கு

மலைச்சாலையில் வண்டி ஓட்டப் போகிறவன் காலையில் குறைவாகச் சாப்பிட வேண்டும். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், மேடம். யாரும் கேட்பதில்லை.

என் பெயர் எர்மிலோ. துராங்கோவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வளைவுச் சாலைகளில் வண்டி ஓட்டுவேன். எங்கேயும் போய்ச் சேருவதற்காக அல்ல, ஓட்டுவதற்காகவே ஓட்டுவது. அதற்கென்று இந்த நாட்டில் சில நல்ல சாலைகள் உண்டு. ஒவாஹாகாவிலிருந்து கடலுக்கு இறங்கும் சாலை அழகுதான், ஆனால் முக்கால்வாசி நேரம் மூடுபனி. கேரேத்தாரோ பக்கத்து மலைச்சாலையை ஊருக்கு ஊர் வேகத்தடை போட்டுக் கெடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட உசத்தி நம்முடையதுதான், மசத்லானுக்கு இறங்கும் பழைய சாலை. சுங்கச் சாலை திறந்தபிறகு பேருந்துகளும் பெரிய லாரிகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. பைன் மரங்களும் பள்ளத்தாக்குகளும் மரம் ஏற்றும் லாரிகளும் நாங்களும் மட்டும் மிஞ்சினோம். ஸ்டியரிங்கை ஒரு வளைவிலிருந்து நிமிர்த்தும்போதே அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். வேறெங்கும் அப்படி இருந்ததில்லை.

பிறகு எலியுத் வந்து சேர்ந்தான்.

அவனை நீங்கள் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். மெத்தைக் கடைக்காரன், மஞ்சள் நிறக் கார் வைத்திருந்தான். எப்போதும் சிரிப்பான். சிரிக்கும்போது வாயில் மென்றுகொண்டிருப்பது தெரியும். சிப்ஸ் பையைக் கத்தரித்து, அதிலே எலுமிச்சையும் மிளகாய்ச் சாறும் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவான். விரல்களை ஒவ்வொன்றாக நக்குவான். அதே கையால் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். இறங்கி வந்து அதே கையை எனக்கு நீட்டுவான். அந்தப் பிசுபிசுப்பு சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. சூரியகாந்தி விதையைக் கொறித்து, எச்சிலோடு தோலை ஜன்னல் வழியாகத் துப்புவான். ஒருமுறை அது பறந்து வந்து என் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வைப்பரைப் போட்டேன், அது கண்ணாடி முழுக்க ஈஷியது. இதற்காக ஒருவனைக் கொல்வார்களா என்று நீங்கள் நினைக்கலாம். வெகுநாள்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் சாலையைப் படமெடுத்து இணையத்தில் போட ஆரம்பித்தான். நாட்டிலேயே அழகான வளைவுகள், வாங்க வாங்க என்று கூப்பிட்டான். வந்தார்கள். பிசாசின் முதுகெலும்பு என்று நாம் சொல்லுகிற இடத்தில், இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் சாலை, முன்பெல்லாம் காற்று மட்டும்தான் கேட்கும். இப்போது பாட்டுப் பெட்டி, பீர் டப்பா, குழந்தைகளின் அழுக்கு நாப்கின். கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்தால் மூத்திர வாடை குடலைப் பிடுங்கும். இதை அவனிடம் குழுவின் முன்னால் சொன்னேன்.

“நல்ல எடத்த நாலு பேரு பாக்கட்டுமே மாஸ்டர்,” என்றான். “நீங்க ஒருத்தரே உக்காந்து கும்புடணும்னா சர்ச்சுல மணி எதுக்குக் கட்டி வச்சிருக்கான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வளர்த்த குழு அது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எங்கள் வழக்கத்தை அவன் மதித்தான். உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த மலையில் பின்னால் வருகிறவனுக்கு முன்னே என்ன வருகிறது என்று தெரியாது. முன்னால் போகிறவன் வழி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு இடது விளக்கைப் போடுவான். வலப்பக்கமாக ஓட்டுகிற நம் நாட்டில், நீ இடப்பக்கமாக முந்திப் போகலாம் என்று அதற்கு அர்த்தம். முந்துகிறவன் நன்றிக்கு இரண்டு தடவை ஹாரனைத் தட்டிவிட்டுப் போவான். முன்பின் தெரியாத லாரிக்காரன்கூட இதைச் செய்வான். குடிகாரனாக இருக்கலாம், கொள்ளைக்காரனாக இருக்கலாம், அந்த விளக்கை மட்டும் யாரும் பொய்யாகப் போட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் மற்றவர்கள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டார்கள். என் வண்டியும் அவன் வண்டியும்தான். எல் சால்தோவில், கறி வைத்த சோள ரொட்டி விற்கிற கோர்டிட்டாக் கடையில் நிறுத்தினோம். அவன் மனைவி நிதியாவும் வந்திருந்தாள். வழியெல்லாம் வாந்தி. அந்தப் பிளாஸ்டிக் பையை முடிந்து பக்கவாட்டுக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்தபடியே கறி வைத்த கோர்டிட்டாவைக் கடித்தான். கொழுப்பு முழங்கைவரை வழிந்தது.

“எம்பொண்டாட்டிக்கு வளைவே ஆகாது மாஸ்டர். கல்யாண மோதிரத்தக்கூட நேரா நிமித்திக் குடுன்னு கேட்டவ.”

“வளைவெல்லாம் ஆகும். நீ ஓட்டுறதுதான் ஆகல,” என்றாள் நிதியா.

“அப்ப மாஸ்டர் வண்டியில போ. தொட்டிலாட்டம் இருக்கும். அழுதா பாலும் குடுப்பாரு.”

“ஏறிக்கங்கம்மா,” என்றேன் நான்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு ஒரு எடத்துல வழி விடுங்க மாஸ்டர். முன்னாடி போயி நின்னு உங்க வண்டி வர்றத எடுக்கணும். ராசா மாதிரி எடுத்துத் தர்றேன்,” என்றான்.

இடம் பார்த்து விடுகிறேன் என்று சொன்னேன்.

வெகுதூரம் வரை நிதியா என் வண்டியில் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. அது எனக்குத் திருப்தியாக இருந்தது. பேசிக்கொண்டே வந்தாள். “உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு அவருக்கு அவ்ளோ ஆசை. ராவானா மெத்தை மேல உக்காந்து, சாப்புடுற தட்ட ஸ்டியரிங்கா வச்சு, கை மாத்திப் பழகுறாரு. சிரிச்சா கோச்சுக்குவாரு.” அந்தத் தட்டைக் கழுவியிருப்பானா என்றுதான் எனக்குத் தோன்றியது.

பள்ளத்தாக்கைச் சுற்றிச் சாலை திரும்பும் இடம் வந்தது. அங்கே எதிர்ச்சரிவில் வருகிற வண்டி முன்கூட்டியே தெரியும், கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு பாறை மறைத்துவிடும். ஒரு மர லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.

“அம்மாடி, எவ்ளோ பெரிய மரம்,” என்றாள் நிதியா. “அந்த லாரி எப்படி இதுல திரும்பும்?”

“முழு ரோட்டயும் எடுத்துக்கிட்டுத்தான்,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பாறை வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவன் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தான். இடது விளக்கைப் போட்டேன்.

உடனே வந்தான். பக்கத்தில் வரும்போது தலையைக் குனிந்து மனைவிக்கு முத்தம் ஒன்றைக் காற்றில் அனுப்பினான். இரண்டு தடவை ஹாரனைத் தட்டினான். பாறையைச் சுற்றி மறைந்தான். சத்தம் நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

நிதியா அப்போதுதான் வாந்தி எடுத்தாள். இருக்கை மேலும் கியர் மேலும். நான் பிரேக் போட்டதும் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நான் வண்டியை ஓரம் கட்டி, துணியை எடுத்து முதலில் இருக்கையைத் துடைத்தேன். உடனே துடைக்காவிட்டால் அந்த நாற்றம் மாதக்கணக்கில் போகாது. பிறகு போய்ப் பார்த்தேன். லாரிக்காரர் வயதானவர், சாலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். “எம்பக்கம் வந்துட்டான் சாமி, எம்பக்கமே வந்துட்டான்.” தண்ணீர் கொடுத்து, உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவரை நீங்கள் விட்டுவிட வேண்டும். காரைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. சிப்ஸ் சாலை முழுக்கச் சிதறியிருந்தது, அதில் எறும்பு ஏற ஆரம்பித்திருந்தது.

நிதியா ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னாள் என்கிறீர்கள். அவள் சொன்னது சரி. லாரி வருவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விளக்கைப் போட்டேன். ஆனால் அவன் கையைப் பிடித்து நான் இழுக்கவில்லை. வளைவுக்கு முன்னால் தானே பார்த்துக்கொள்ளுகிறவன்தான் நல்ல ஓட்டுநர். அவன் அந்தச் சாலைக்கு ஏற்றவன் இல்லை, அவ்வளவுதான். நிதியாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் உயிரோடு இருப்பது என்னால். அதை அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வளைவில் நான் விளக்கைப் போட்டதை அவள் கவனிக்கவில்லை. உடலை ஏற்றிய வண்டி முன்னால் போனபிறகும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து துராங்கோவுக்குத் திரும்பினாள். எந்த இடத்தில் சந்தேகப்பட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஒரு காய்கறி லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அதன் ஓட்டுநர் இடது விளக்கைப் போட்டார். நான் பின்னாலேயே போனேன். மறுபடியும் போட்டார். கையை வெளியே நீட்டி, போ போ என்று காட்டினார். இலை அழுகிய தண்ணீர் அந்த லாரியிலிருந்து என் கண்ணாடியில் தெறித்துக்கொண்டே இருந்தது. பொறுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நிதியா என் பக்கம் திரும்பினாள். “வழி விடறாரே மாஸ்டர்,” என்றாள். “ஏன் போக மாட்டேங்கறீங்க?”

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை, மேடம்.

“எவனோ போடற விளக்க நம்பி எப்படிம்மா போறது,” என்றேன்.