ஒரு கார், இரண்டு தரம்

– பெயின்ட் நல்லாத்தான் இருக்கு சார். நான் கேட்டது, சக்கரம் நாலும் அலாயா?

– அலாய்தான் பாருங்க. கம்பெனியில வந்தது அப்படியே இருக்கு. அத விடுங்க, ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியாது, அவ்வளவு அமைதி.

– ஸ்டார்ட் பண்ண வேணாம் சார்.

– வேணாமா? கார் பாக்க வந்துட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்காத ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்.

– ஓடும்னு உங்க பேச்சுலயே தெரியுது சார். பேட்டரி பெருசா, சின்னதா?

– பெருசு. மெக்கானிக்குங்க எல்லாம் இப்படித்தான் பேட்டரியிலேர்ந்து ஆரம்பிப்பீங்களா? இங்க பாருங்க, போன்ல விலை கைடு எடுத்து வச்சிருக்கேன். மாடல், வருஷம், ஓடின கிலோமீட்டர் எல்லாம் போட்டாச்சு. கடைக்குக் கொடுத்தா ஒரு விலை, ஆளுக்கு நேரா வித்தா ஒரு விலை. அதுலயும் வண்டி இருக்கற இருப்புக்கு மூணு தரம். நான் கேக்கறது நேரா விக்கற விலை, முதல் தரம். அதுக்கு மேல ஒரு பைசா கேக்கல.

– முதல் தரம்னா என்னன்னு கைடுல போட்டிருக்கான் சார்?

– துரு கூடாது, அடி பட்டிருக்கக் கூடாது, எந்த வேலையும் பாக்கி இருக்கக் கூடாது. ஏதோ ஒண்ணு ரெண்டு வண்டிக்குத்தான் அந்தத் தரம் கிடைக்கும். என் செல்லம் அதுல ஒண்ணு.

– நடுவுல ஏதாச்சும் வேலை பாத்துத் தேத்தினீங்களா? கதவு மாத்தினது, நசுங்கின எடத்துல பட்டி பூசினது?

– என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! ஆயில் மாத்தினதத் தவிர இது மேல ஒரு ஸ்பேனர் பட்டதில்ல. என் பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன். புது வீட்டுல நிறுத்த இடம் இல்ல, அதான் விக்கறேன். இல்லேன்னா உயிரே போனாலும் கொடுக்க மாட்டேன்.

– போதும் சார். அம்மா, வாங்கம்மா. சார் வாயாலயே சொல்லிட்டார்.

– எந்த அம்மா? யாரு... நீயா? நீ எங்க இங்க?

– வண்டி வாங்க வந்தேங்க. அண்ணன் எனக்காகத்தான் பாக்க வந்தார். தூணுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டு இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு, பொண்ணு மேல பண்ணின சத்தியம் வரைக்கும்.

– உனக்கு விக்கறதா இல்ல. கெளம்பு.

– கெளம்பறேன். நேரா நம்ம விவாகரத்து கேஸ் பாத்த ஜட்ஜ் அம்மாகிட்டதான் போவேன். நாம பிரிஞ்சப்போ வண்டிக்கு இதே கைடுலதான விலை போட்டாங்க? அன்னிக்கு என்ன தரம்னு சொன்னீங்க?

– அது... அப்போ இருந்த நிலைமை...

– நான் சொல்றேன். கதவுக்கடியில துரு, இன்ஜின்ல தடதடன்னு சத்தம், வண்டி ஒரு பக்கமா இழுக்குது. கடைசித் தரம். அந்த விலையில எனக்கு வந்த பங்குல பாப்பாவுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கலாம்னு உங்க வக்கீல் சிரிச்சார். கூடச் சேந்து நீங்களும் சிரிச்சீங்க.

– அதுக்கப்புறம் ரிப்பேர் பாத்துட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவ?

– ஸ்பேனரே பட்டதில்லன்னு இப்பதான சொன்னீங்க? அண்ணன் சாட்சி. முதல் தரம்னு நீங்க போட்ட விளம்பரம் என் போன்ல இருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே சொல்றீங்களா, ஜட்ஜ் அம்மா கேக்கட்டுமா?

– சண்டைக்குன்னே வந்திருக்க.

– பின்ன? உங்க முகத்தப் பாத்துட்டுப் போகவா வந்தேன்?

– சரி, விடு. உன் பங்க சரியாப் போட்டுக் கொடுத்துடறேன்.

– பங்கு வேணாம். வண்டி வேணும். கடைசித் தரத்துக்கு என்ன விலையோ அந்த விலைக்கு. அன்னிக்கு அது நியாயம்னா இன்னிக்கும் நியாயம்தான?

– இந்த வண்டி மேல உனக்கு அப்படி என்ன ஆசை? ஓட்டக்கூடத் தெரியாது உனக்கு.

– நீங்க எங்க ஓட்ட விட்டீங்க? உக்காரணும்னாலே துணி விரிக்கணும், செருப்பக் கையில எடுத்துக்கணும். பாப்பா பொறந்த அன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கா?

– அத ஏன் இப்ப இழுக்கற? வெளியாள் நிக்கறார்.

– நிக்கட்டும், கேக்கட்டும். பனிக்குடம் உடைஞ்சு படியில உக்காந்திருந்தேண்ணே. வண்டிச் சாவி இவர் கையிலதான் இருந்துச்சு. சீட்டு கறையாயிடும்னு ஆட்டோவுக்கு போன் பண்ணார். அது வர்ற வரைக்கும் வண்டிக் கண்ணாடியத் தொடைச்சுட்டு நின்னார். எம்பொண்ணு நடுரோட்டுல, ஆட்டோவுல பொறந்தா. அவளச் சுத்தறதுக்கு டிரைவர் தன் சட்டையக் கழட்டிக் கொடுத்தார்.

– பதட்டத்துல பண்ணினதுன்னு எத்தன தடவ சொல்றது?

– பதட்டத்துல யாரும் கண்ணாடி தொடைக்க மாட்டாங்க. பணம் உங்க கணக்குக்கு அனுப்பிட்டேன், பாருங்க. அண்ணே, பேப்பர எடுங்க.

– இங்க ஒரு கையெழுத்து சார். கீழ இன்னொண்ணு.

– போட்டாச்சு. இந்தா சாவி. ஒண்ணு கேட்டுக்கோ. வெயில்ல நிறுத்தாத. அழுக்குத் துணியால தொடைக்காத, கோடு விழும். சும்மா நின்னாலும் அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வை. என் மேல இருக்கற கோவத்த அது மேல காட்டாத. நல்லாப் பாத்துக்கோ, எனக்கு அது போதும்.

– என்னையும் பாப்பாவையும் வெளிய அனுப்பினப்போ இதுல ஒரு வார்த்தை வரலியே உங்க வாயிலேர்ந்து.

– சார், அந்த கேட்டத் தொறக்கச் சொல்றீங்களா? வெளிய கிரேன் நிக்குது.

– கிரேனா? ஓடற வண்டிக்கு எதுக்குய்யா கிரேன்? நீ மெக்கானிக்தான?

– நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்? நீங்களா நெனச்சுக்கிட்டீங்க.

– அப்ப நீ யாருய்யா?

– அண்ணன் பழைய இரும்புக் கடை வச்சிருக்காருங்க. வாங்களேன், நீங்களும் வந்து பாருங்க. உங்க கைடுல போடாத விலை ஒண்ணு இருக்கு, அத கிலோ கணக்குல தருவார்.