இத்தோவின் மூச்சிரைப்பு

— மறுபடியும் நின்னுட்டியா, இத்தோ? ஏரியைக் கால்வாசி கூட இன்னும் சுத்தல.

— ரெண்டே நிமிஷம், தூரியா. மூச்சு வாங்குது.

— வாங்குதா? பழைய பஸ் மலையேறுற மாதிரில்ல கேக்குது! எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது நல்லாவே கேக்கும்.

— உனக்கென்ன மகாராணி, கயித்தோட ஒரு முனையை மணிக்கட்டுல மாட்டிக்கிட்டு ஜம்முன்னு ஓடுற. கல்லு, பள்ளம், நாய் எல்லாத்தையும் பார்த்து ஓடுறவ நான்.

— பார்த்துக்கோ, யாரு வேணாம்னா? கூடவே ஓடவும் செய்யின்னுதான் சொல்றேன்.

— முழங்கால் வரைக்கும் பனி கெடந்துச்சுடி. மூணு மாசம் எங்க ஓட?

— பனியையா குத்தம் சொல்ற? பனியா உனக்கு வெண்ணெயும் தேனும் தடவி மஸ்மன் ரொட்டி ஊட்டுச்சு? விறகடுப்புப் பக்கத்துல உக்காந்தவ எந்திரிக்கவே இல்லன்னு உங்க அண்ணி சொன்னா.

— நான் எட்டு தின்னப்ப எதிர்ல உக்காந்து ஒன்பதாவதைக் கேட்டது யாரு?

— அது விருந்தாளி காட்டுற மரியாதை. சரி, கெளம்பு... ஏய், கயித்தை இழுக்காதே! துணைக்கு ஓடுறவ இழுத்தா என்னைப் போட்டியை விட்டே தூக்கிடுவாங்க.

— நான் எங்க இழுத்தேன்? உன் கைதான் பின்னாடி போகுது.

— என் கையா! இந்த மரப்பாலத்துல இருந்து அடுத்த மரப்பாலம் வரைக்கும், பனி விழுறதுக்கு முன்னாடி நானூறு காலடி. இன்னிக்கு எண்ணிக்கிட்டே வர்றேன், நானூத்தி எழுபது. யாரோ காலைக் குறுக்கிக் குறுக்கி வைக்கிறாங்க.

— ரெண்டு பேரும் ஒரே அடிதானடி வைக்கிறோம்?

— அதான், உன்னால நானும் ஆமையாயிட்டேன். ஞாயித்துக்கிழமை தேர்வு. அஞ்சு கிலோமீட்டர், இருபத்தி மூணு நிமிஷம். ஒரு விநாடி தாண்டினாலும் அணியில என் பேர் இருக்காது. நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போய் புதினா டீ குடிப்ப.

— அம்மாடி... ஒரு நிமிஷம்... நில்லு... முடியல.

— சுத்தம்! பாலத்துக்குப் பாலம் நிறுத்தம். இதுக்குப் பஸ்ஸே தேவலாம்.

— அப்ப மெக்னெஸ்ல இருந்து வந்தாளே லம்யா, அவ கூட ஓடேன். காலே கழுத்து வரைக்கும் இருக்கு.

— ஓடத்தான் போறேன். கோச்சே ஏற்பாடு பண்ணினது. போன வாரம் ரெண்டு நாள் ஓடினோம். காத்து மாதிரி போறா.

— அப்புறம் ஏன் முந்தாநேத்து என் கதவைத் தட்டின?

— பரிதாபம்தான். அடுப்போரமா நீயும் வெண்ணெய் மாதிரி உருகிப் போயிடுவியேன்னு.

— ஓ. பரிதாபம்.

— ஆமா.

— சரி.

— ...அவ வரமாட்டேன்னுட்டா, இத்தோ. ‘இந்த அக்காவோட ஓடினா என் வேகமும் கெட்டுப்போகும்’னு கோச் முன்னாடியே சொல்லிட்டா.

— தெரியும்.

— என்னது?

— அன்னைக்கே கோச் ஃபோன் பண்ணிட்டாரு.

— தெரிஞ்சுமா இவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கிட்டு... இரு, இரு. இப்பத்தானே ‘முடியல’ன்னு நின்ன? உன் மூச்சுச் சத்தமே கேக்கலயே?

— ‘நில்லு’ன்னு உன் வாயில வராதுடி. அதான், உனக்கு இரைச்சப்பல்லாம் நான் இரைச்சுக் காட்டினேன்.

— ...கெளம்பு. எதிர்ல யாரோ வர்ற சத்தம் கேக்குது, கொஞ்சம் பலமா மூச்சு வாங்குடி.