பாலத்தடியில் இரண்டு கம்பிகள்

எனக்குத் தொலைபேசியில் பேசப் பிடிக்காது ஐயா. முப்பத்தோரு வருடம் லைன் போட்டவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். "ஊருக்கெல்லாம் வாய் வச்சுக் குடுத்துட்டு வீட்டுல ஊமையா இருக்காரு" என்பாள் என் மனைவி. மணி அடித்தால் அவள்தான் எடுப்பாள்.

அணுமின் நிலையத்துக்கு அவசரத் தொலைபேசி போடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது எனக்கு நாற்பது வயது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு சிவப்புத் தொலைபேசி. எண் சுழற்ற அதில் வட்டு கிடையாது. கையில் எடுத்தாலே போதும், ஆற்றுக்கு அக்கரையில் ஊருக்குள் இருக்கும் எச்சரிக்கை அலுவலகத்தில் மணி அடிக்கும். அங்கே இருப்பவர் விஷயத்தைக் கேட்டுச் சங்கு ஊதி, சாலைகளை மூடச் சொல்வார். ஒரு லைன் பழுதானால் இன்னொன்று வேண்டும் என்று பக்கத்திலேயே இரண்டாவது தொலைபேசி. இரண்டு லைனும் வெவ்வேறு வழியில் போக வேண்டும். ஒன்று பாலத்தடியில், மற்றது மலையைச் சுற்றி. இது விதி. விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

மலைப் பக்கம் முழுக்கப் பாறை. ஒரு கம்பம் நட இரண்டு நாள் பிடித்தது. திறப்பு நாளுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. மேலதிகாரி கேட்டபோது, "முடிஞ்சிரும் சார்" என்றேன். யாரும் என்னை நெருக்கவில்லை. மூன்று மாதம் ஆகும் என்றிருந்தால் கொடுத்திருப்பார். எடுத்த வேலையை முடிக்காதவன் என்று ஒருநாளும் பேர் வாங்காதவன் நான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது கம்பியையும் பாலத்தடிக் குழாயிலேயே இழுத்தேன். வரைபடத்தில் மட்டும் அது மலையைச் சுற்றிப் போனது. இழுத்த ஆட்களுக்கு எது எந்தக் கம்பி என்று தெரியாது. திறப்பு நாளன்று இரண்டு மணியும் அடித்தன. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எச்சரிக்கை அலுவலகத்தில் பகல் பணிக்கு ஆள் தேடியபோது என் தங்கை கணவரைச் சொன்னதும் நான்தான். மாப்பிள்ளை அந்த வேலைக்கென்றே பிறந்தவர் மாதிரி. எட்டு மணி வேலைக்கு ஏழரைக்கே போய்த் தொலைபேசிகளைத் துடைத்து வைப்பார். ஒதுங்கப் போவதானாலும் பக்கத்து அறை எழுத்தரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போவார். "இவரு அந்த ஃபோனையே கட்டியிருக்கலாம்" என்று தங்கை கேலி செய்வாள்.

நான்கு வருடம் திங்கட்கிழமைச் சோதனை மணியைத் தவிர வேறு மணி அடிக்கவில்லை.

ஐந்தாம் வருடம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, நிலையத்தில் ஒரு குழாய் வெடித்துக் கதிர்வீச்சு கலந்த நீராவி வெளியே போனது. கட்டுப்பாட்டு அறைக்காரர் சிவப்புத் தொலைபேசியை எடுத்தார். மணி போகிற ஒலி அவர் காதில் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. சாதாரண லைன்களையெல்லாம் நிலையத்து ஊழியர் குடியிருப்பில் இருந்தவர்கள் பதறிப்போய் ஒரே நேரத்தில் பேசி அடைத்திருந்தார்கள். கடைசியில் ஜீப்பில் ஆள் அனுப்பினார். நாற்பது நிமிடம் போய்விட்டது. அந்த நாற்பது நிமிடமும் வேலிக்கு வெளியே பதினோரு பேர் சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றரை மணிக்கு நான் தனியாகப் பாலத்தடியில் இறங்கினேன். இரண்டு நாள் மழையில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டு கம்பியும் ஒரே தண்ணீரில் கிடந்தன. துடைத்து, உலர்த்தி, புதிதாகச் சுற்றி மூடினேன். ஆறு மணிக்கு விசாரணைக்காரர்கள் சோதித்தபோது இரண்டு மணியும் கணீரென்று அடித்தன. கூப்பிடுகிறவர் காதில் கேட்கும் ஒலி நிலையத்துப் பெட்டியிலிருந்தே வருவது. மறுமுனையில் அடிக்காவிட்டாலும் அது கேட்கும். அவர்களில் யாருக்கும் இது தெரியவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மச்சான், மணி அடிக்கவே இல்ல. நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. நீங்க போட்ட லைன், நீங்க சொன்னா நம்புவாங்க."

"லைன் நல்லா இருக்கு மாப்பிள்ளை. நானே பாத்தேன்."

"அப்ப எனக்கு ஏன் கேக்கல?"

"சாப்பிட்டு உக்காந்திருப்பீங்க. மழைக் காத்து வேற. யாருக்கும் கண்ணு சொக்கத்தான் செய்யும்."

"நான் தூங்கல மச்சான்."

"தூங்கறவனுக்குத் தான் தூங்கறது தெரியுமா?"

அன்பாகத்தான் சொன்னேன். பக்கத்து அறை எழுத்தர் அன்று விடுப்பு. மாப்பிள்ளை விழித்திருந்ததற்குச் சாட்சி மாப்பிள்ளை ஒருவர்தான். மறுநாளும் அவர் வந்தார், மறுநாளும் சொன்னேன். நான்காம் நாள், "நாப்பது நிமிஷமா தூங்கியிருப்பேன்?" என்று கேட்டார். எட்டாம் நாள், "மேசையில தலை சாஞ்ச மாதிரி ஒரு நெனப்பு வருது மச்சான்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரையும் கெடுத்துட்டேனே" என்று அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

விசாரணையில் அவர் ஒப்புக்கொண்டார். லைனில் குறையில்லை என்று நான் கையெழுத்திட்டேன். மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. கடைத்தெருவில் அவருக்குக் கும்பகர்ணன் என்று பேர் வைத்தார்கள். தங்கை அந்தத் தெருவழியே போவதை விட்டாள்.

பதினோரு பேரில் மூன்று பேர் இரண்டு வருடத்துக்குள் இறந்தார்கள். அந்த நீராவியால்தான் என்று டாக்டர்கள் அடித்துச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை நான் வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு அப்படிப் பிடிக்க ஒன்றுமில்லை. பதினோரு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். தனியாக அனுப்ப முடியுமா, நானும் கூடப் போனேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் காறித் துப்பினார். தார் கிண்டியவர் வீட்டில் அவர் மனைவி மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. தூக்கம் யாரக் கேட்டுட்டு வருது?" என்றாள். மாப்பிள்ளை உட்காரவில்லை. அவள் காலடியில் விழுந்தார். நான் வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். அது மடங்கித்தான் இருந்தது. அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போது உங்கள் முகத்தையும் பார்க்க முடியவில்லை, மன்னியுங்கள்.

இருபத்தைந்து வருடம் ஆகிறது. அந்தப் பாலத்தை அடுத்த மாதம் இடிக்கிறார்கள் என்று தெரியும். இடித்தால் இரண்டு கம்பியும் ஒரே குழாயிலிருந்து வெளியே வரும், அதுவும் தெரியும். ஆனால் உங்கள் அலுவலகத்துக்கு நானாகத்தான் வந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மணி அடிக்கவில்லை. மாப்பிள்ளை தூங்கவில்லை. லைனைப் பொய்யாகப் போட்டவன் நான். அவர் தூங்கினார் என்று அவரையே நம்பவைத்தவனும் நான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது அவர் காதுக்குப் போக வேண்டாம். ஊரே கைவிட்ட பிறகும் மச்சான் ஒருத்தர்தான் என்னை விடவில்லை என்று இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இந்த வயதில் அந்த ஆறுதலையும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.