ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்

2024.12.10

பிரேமினி தங்கச்சிக்கு,

திகதி போடாமல் கடிதம் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. போன சனிக்கிழமை நீ தோட்ட ஆபீசுக்கு வந்து, "துஷாந்த் அண்ணே, ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. எங்கம்மாவ ஏன் அந்த மலைக்கு அனுப்புனாங்கன்னு நீங்களே ஒழுங்கா எழுதித் தாங்க" என்று கேட்டாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய்.

குளவிக்கூடு உள்ள மலையில் கொழுந்து பறிக்க ஆள் விடக்கூடாது. அதற்காக நான் ஒரு சின்ன இணையப் பக்கம் செய்தேன். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஜெயகாந்தன் எத்தனையாம் மலையில் கூடு என்று போனில் தட்டினால், அது இணைய முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் கம்பியூட்டருக்கு வரும். காலையில் நான் தாள் அச்சடித்து, வேலைக்கு ஆட்கள் கூடுகிற பெரட்டில் ஒட்டுவேன். அதைப் பார்த்துத்தான் ஆள் பிரிப்பார்கள்.

முகவரியின் வாலில் '&' என்ற குறிக்கு வேறு வேலை உண்டு. ஒரு விவரம் முடிந்தது, அடுத்தது வருகிறது என்று அர்த்தம். '7&8' என்று தட்டினால் கம்பியூட்டர் ஏழோடு நிறுத்திக்கொண்டு, எட்டை ஏதோ பெயர் தெரியாத விவரம் என்று தள்ளிவிடும். அனுப்புமுன் அந்தக் குறியை '%26' என்று மாற்ற வேண்டும். கடிதத்தை உறையில் போடுகிற மாதிரி. ஒரு வரி வேலை.

பெப்ரவரியில் இதைக் கண்டுபிடித்தேன். அந்தக் குறிக்குப் பதில் கமா போடுங்கள் என்று பெரட்டில் வைத்தே கண்டாக்கையாவிடம் சொன்னேன்.

"பதினெட்டு வருசமா இப்புடித்தான் எழுதுறேன். அட்ட கடிக்கும்னு மலப்பக்கமே வராத ஆளு, எனக்கு மலையப் பத்திப் படிச்சுக் குடுக்கிறீங்களோ?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா, "விடுங்கய்யா, தம்பிக்கு அட்டையும் குளவியும் ஒன்னுதான்" என்றார். மறுபடியும் சிரித்தார்கள். வீரம்மா அக்காவின் பகிடி எனக்குப் புதிதல்ல.

அன்று பின்னேரமே அந்த ஒரு வரியை எழுதி முடித்தேன். இணையப் பக்கத்தில் சேர்க்கவில்லை. கண்டாக்கையா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சேர்த்திருப்பேன். பிறகு மாதக்கணக்கில் ஒரு சமயத்தில் ஒரு மலையில்தான் கூடு இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் இருபதாம் திகதி காலை தாளில் ஏழு மட்டும் வந்தது. வருகிற முகவரிகளை வெட்டாமல் பதிந்து வைக்கும் இடம் ஒன்று கம்பியூட்டரில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தேன். முதல்நாள் மாலை கண்டாக்கையா அனுப்பியது முழுதாக இருந்தது: 7&8. அவரோ முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டார். பேனாவால் ஓர் எட்டு போட்டிருக்கலாம். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. அச்சடித்த தாளில் கையால் எழுதக்கூடாது என்பது நானே வைத்த ஒழுங்கு.

இருபத்திரண்டு பேருக்கு எட்டாம் மலை விழுந்தது. போகும்போது உன் அம்மா ஆபீஸ் யன்னலருகே நின்று, "என்ன தம்பி, நம்ம மலையில குளவி கிளவி இல்லையே?" என்று கேட்டார்.

தாளில் இல்லை என்றேன். அது பொய்யல்ல.

பத்து மணிபோல் கூடு கலைந்தது. பதினொரு பேரை லொறியில் ஏற்றினார்கள். உன் அம்மா வழியிலேயே போய்விட்டார். தோட்டத்தின் பெயரில் உனக்கு வந்த அனுதாபக் கடிதம் நான் எழுதியது. அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இருக்காது.

தோட்டத்து மேலதிகாரி துரை விசாரித்தபோது தாளைக் காட்டினேன். கண்டாக்கையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு மலையையும் அனுப்பினேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை. பதிவின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அந்த ஒரு வரியையும் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது.

கண்டாக்கையாவுக்குத்தான் புரியட்டும் என்று இருந்தேன், தங்கச்சி. உன் அம்மாமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் அன்று சிரித்ததை அப்போதே மறந்துவிட்டேன். இன்றோடு பத்து மாதமும் நான்கு நாளும் ஆகிறது.