புள்ளி நாலு

விடியற்காலை நாலே முக்கால். குவாரிக்குப் போகும் ஒற்றை மண்பாதை. ஒரு சைக்கிள்கூட வராத நேரம்... என் அக்கா வீட்டுக்காரர் டூல்ஸ் பையோடு தனியாக நடந்து போகிறார். குடிக்காத மனுஷன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலையில் சிரிக்கிறவன் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒன்றுக்குப் போக என்னைத் துணைக்கு எழுப்பக் கூடாது.

அத்தான் அங்கே பெரிய வண்டிகளுக்கு மெக்கானிக். வண்டிகளைக் கிளப்பிவிடத்தான் அவ்வளவு சீக்கிரம் போவார். ஓரத்தில் மண் வாரும் பொக்லைன் ஒன்று சும்மா நின்றது. நாலு நாளைக்கு முன்னால் அதன் பேட்டரியைக் கழற்றி வைத்ததே அவர்தான். அன்றைக்கு என்னவோ தோன்றி, உள்ளே டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தார்.

இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. இன்ஜின் ஓடிய மணிக்கணக்குதான். கழற்றும்போது இருந்ததைவிடக் கூடியிருந்தது. மறுநாள் பார்த்தார், இன்னும் புள்ளி நாலு. அதற்கு மறுநாளும் புள்ளி நாலு. சக்கரத்துக்குப் பதில் இருக்கும் இரும்புச் செயின் நகர்ந்த தடம் இல்லை... ஆனால் பக்கெட்டில் ஈர மண்.

புள்ளி நாலு என்றால் இருபத்துநாலு நிமிஷம். அந்தக் கணக்கு அத்தானுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வண்டியை ஓட்டியவனைப் பெரியவன் என்பார்கள். பள்ளத்தில் வேலை பார்த்த அவன் தம்பி, சின்னவன். ஒரு சாயங்காலம் டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டும், புதியது வரவில்லை. அக்காவுக்கு வேறு காய்ச்சல், அத்தானுக்கு வீட்டுக்கு ஓடுகிற அவசரம். பழையதையே டீசலில் அலசி மாட்டிவிட்டார். புதிதாகப் போட்டது போல அதன் மேல் அன்றைய மணிக்கணக்கையும் எழுதினார். மெக்கானிக் எழுதியதை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாளே மண் சரிந்தது. சின்னவன் உள்ளே. பெரியவன் வாரி வாரி எடுக்கிறான்... நடுவில் இன்ஜின் விக்கி நின்றுவிட்டது. ஃபில்டர் அடைத்து டீசல் ஏறவில்லை. அத்தான் ஓடிவந்து, டீசல் பைப்பில் புகுந்த ஏரை எடுத்து மறுபடி கிளப்ப இருபத்துநாலு நிமிஷம். தம்பியை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை, உடம்பில் சூடு மட்டும் இருந்தது. இடது கால் ஷூவைக் காணோம்.

"நான்தாண்ணே பதட்டத்துல வண்டியைப் போட்டு முறுக்கிட்டேன், அதான் நின்னுபோச்சு" என்று பெரியவன் அழுதான். அத்தான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. மூன்றே மாதம், அவனும் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகுதான் அத்தானைப் பேட்டரியைக் கழற்றச் சொன்னார்கள்.

"ஏங்க, ராத்திரியெல்லாம் முழிச்சே கிடக்கீங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பையன் இன்னும் தோண்டிக்கிட்டே இருக்கான்டி" என்றாராம். அவ்வளவுதான்.

ஒரு நாள் புது ஃபில்டரோடு போய் அங்கேயே தங்கினார். இருட்டில் அதை மாட்டினார். காலி சீட்டைப் பார்த்துச் சொன்னார்: "உன் மேல தப்பு இல்லப்பா. அது பழைய ஃபில்டர். நான்தான் போட்டேன். நான்தான் பொய் எழுதினேன்."

ஷெட்டில் பெஞ்சு மேல் வந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில்... இன்ஜின் சத்தம். விக்காமல், சீராக. டீசல் புகை வாசனை ஷெட்டுக்குள் வந்தது. அப்புறம் நின்றது. கேபின் கதவு டப் என்று சாத்திக்கொண்டது. அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதார்.

விடிந்து பார்த்தால் வண்டியிலிருந்து பெஞ்சு வரைக்கும் ஈர மண் தடம். இரண்டு பேர். ஒருவனுக்கு இடது கால் வெறுங்கால். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து, அவரைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். திரும்பிப் போன தடம் இல்லை. மன்னிக்க வந்தார்களா, இல்லை...

மீட்டர் அதோடு நின்றுவிட்டது. அத்தான் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இப்போது சுவரோரம் ஒண்டித்தான் படுக்கிறார். போன மாதம் அவர்கள் வீட்டில் தங்கினேன். விடிவதற்கு முன்பே எழுந்து, அவர் கட்டிலோரத் தரையை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. துணியெல்லாம் மண்.

என்னைப் பார்த்ததும், "தினமும்தான்டா" என்றாள்.