தொண்ணூற்றெட்டுக் கலப்பு ஈக்கள்

நான் விடிய நேரத்தோடு எழும்பிப் பழகினவன், புரொபெசர். வெள்ளவத்தையிலிருந்து முதல் ரயிலில் வந்து, ஆய்வுகூடத்தைத் திறப்பது எப்போதும் நான்தான்.

இந்த 1938 ஜனவரியில் வகுப்பில் ஓர் எண் எழுதினேன். பழ ஈயின் கறுப்பு உடலுக்கான ஜீனும் குட்டைச் சிறகுக்கான ஜீனும் எட்டு அலகு தூரத்தில் இருக்கின்றன என்று. புத்தகம் பார்க்கவில்லை. எட்டுத்தான் என்று தோன்றியது.

மாளிகாவத்தையிலிருந்து வரும் மாணவன் ஹமீட் அதைச் சோதித்துப் பார்த்தான். இரண்டு குணத்தையும் தன் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வாங்கிய தாய் ஈயை, கறுப்புக் குட்டைச் சிறகு ஆணோடு விட்டான். பிறந்தவற்றில் ஒரு குணம் மட்டும் உள்ளவை கலப்பு ஈக்கள். நூற்றுக்கு எத்தனை கலப்போ, அத்தனை அலகு தூரம். முதற் போத்தலில் பதினேழு வந்தது.

அடுத்த நாளிலிருந்து, அவன் வருமுன் ஈக்களை மயக்கி, கலப்பில் பாதிக்கு மேல் தூரிகையால் பொறுக்கிச் சுவர்ப் பல்லிக்குக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தேன். அது மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன். எட்டு வந்தது.

“முதல்ல பதினேழு வந்திச்சே, சேர். என்ட கண்ணுலயா பிழை?” என்றான் ஹமீட்.

“கண் டொக்டரைப் பாரும்” என்றேன்.

பார்த்தான். கண்ணாடி போட்டான். அந்தக் கண்ணாடியோடு படியில் இரண்டு தரம் விழுந்தான். இரண்டு தரமும் நான்தான் தூக்கிவிட்டேன்.

ஸ்கொலர்ஷிப் கட்டுரையிலும் எட்டு என்றே எழுதச் சொன்னேன். அது லண்டன் போய், எட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. அவனுடைய தங்கை ஸமீமா அதை அப்படியே விடவில்லை. வீட்டிலேயே அதே மாதிரிச் சோடி விட்டு ஒரு போத்தல் ஈ வளர்த்து, வெள்ளைப் பீங்கானில் கொட்டி எண்ணினாள். பதினேழு. ஹமீட் உங்களிடம் ஓடி வந்தான்.

நேற்று காலை நீங்கள் இருவரும் வாசலில் நின்றபோது, என் தூரிகை சுவரில் இருந்தது.

“நாகேந்திரம், என்ன செய்யிறீர்?” என்றீர்கள்.

“பல்லிக்குச் சாப்பாடு, சேர்.”

ஓம், தொண்ணூற்றெட்டு ஈக்களையும் கொன்றது நான்தான். ஆனால் ஒரு எண்ணையும் நான் திருத்தவில்லை. ஹமீட் எண்ணினதெல்லாம் சரி. அவன் மேல் குறை சொல்லாதீர்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். தூரம் எட்டுத்தான், சேர். இந்த ஈக்கள்தான் பிடிவாதமாகப் பதினேழு என்று பிறக்கின்றன.